பெல்ட்டைக் கொண்டுவந்தவள் பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர். கத்தி பிடித்த பெரிய டாக்டர். தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மயக்க டாக்டர். மேஜை மேல் வயிறு திறந்து கிடந்த ரொட்டிக் கடைக்காரர் மனைவி. ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டோர் கிளார்க். மாடியில் ஃபைல்களுக்கு நடுவே சூப்பரின்டெண்ட். ஆஸ்பத்திரிப் பின்வாசலைத் தாண்டி, சைக்கிள் கடை மாடியில் தையல்காரர். ஆபரேஷன் தியேட்டருக்குள் நர்ஸாக நீங்கள். தியேட்டர் வாசலில் வாளியும் கையுமாக ஆயாவாக நான். நாற்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது. ஒருத்தரையாவது விட்டிருக்கிறேனா, நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எடுத்த எடுப்பில் இதைச் சொல்கிறாளே, நலம் விசாரிக்கவில்லையே என்று கோபப்படாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மாடிப்படி ஏறும்போது எனக்கு முன்னால் அதுதான் முனகுகிறது. நீங்கள் மகன் வீட்டில் சௌக்கியமாக இருப்பதாகப் போன வருஷம் மருமகள் எழுதியிருந்தாள். கை நடுங்குகிறது, டீ டம்ளரைப் பாதிதான் நிரப்பித் தருகிறோம் என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு டீ இறங்கவில்லை. அந்தக் கையா நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து. கோணல்மாணலாகத்தான் இருக்கும். பேத்தி எழுதித் தருகிறேன் என்று காகிதத்தைப் பிடுங்கினாள், நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று போகப் போக உங்களுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆஸ்பத்திரிக்கு அறுபது வருஷம் நிறைகிறது. விழா நடத்துகிறார்கள், மலர் ஒன்று போடுகிறார்கள். பேத்திக்கு அங்கேதான் கணினியில் வேலை. மலரில் வரப்போகும் பக்கங்களை அச்சுக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "பாட்டி, உங்க காலத்துல தியேட்டர்ல ஏதோ மெஷின் பெல்ட் அறுந்து போச்சாமே, தெரியுமா?" என்றாள். பட்டாணித் தட்டு மடியிலிருந்து விழுந்துவிட்டது, அக்கா. தெரியுமாவாம்!

படிடி என்றேன். இங்கிலீஷில் இருந்தது. ரத்தம் உறிஞ்சும் மெஷினின் பெல்ட் ஆபரேஷன் நடுவில் அறுந்ததாகவும், ஸ்டோரில் மாற்று இல்லாத நிலையில் ஸ்டோர் கிளார்க் புதிய பெல்ட்டைப் 'புரொக்யூர்' செய்து ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியதாகவும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் கிளார்க்கின் படம். தலையை வழித்து வாரிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு.

அந்த வார்த்தை எனக்குப் புதுசில்லை. உங்களுக்கும் நினைவிருக்கும். பொருள் கேட்டு ஸ்டோருக்கு எழுதும் ஒவ்வொரு இன்டென்ட் சீட்டிலும் கடைசிக் கட்டத்தின் தலையில் அதுதான் அச்சடித்திருக்கும். அதன் கீழேதான் யார் மூலம் வந்தது என்று பெயர் எழுதுவார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும், ஆயிரம் சீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்கு அந்த வார்த்தையின் முகம் தெரியாதா? ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. வாங்குவது என்று நானாக வைத்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி அகராதியை எடுத்துப் பார்த்தாள். வாங்குவது மட்டும் இல்லையாம். கடைக்குப் போய் ரொட்டி வாங்கினால் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதாம், சொன்னால் சிரிப்பார்களாம். ஆபீஸ் காகிதத்தில் எழுதும் வார்த்தை. சுலபமாகக் கிடைக்காத ஒன்றை அலைந்து தேடி, பெரும்பாலும் இன்னொருவருக்காக, பெற்றுத் தருவதற்குத்தான் அதைச் சொல்வார்களாம். வழியில் கிடந்ததை எடுத்தால் அது இல்லை. சும்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டால் அதுவும் இல்லை. "இன்னொரு அர்த்தமும் இருக்கு பாட்டி, அது உங்களுக்கு வேணாம்" என்று பக்கத்தைப் புரட்டப் பார்த்தாள். நான் விடுவேனா? கெட்ட காரியத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவனுக்கும் அதே வார்த்தைதானாம். கிளார்க் அந்த வேலை பார்த்ததாக எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

கடைசியில், சுருக்கமா என்னடி அர்த்தம், ஒரே மூச்சில் சொல்லு என்றேன். அகராதியை மூடி வைத்துவிட்டு, "எங்கயாவது போய், எப்படியாவது கொண்டு வர்றது" என்றாள்.

அக்கா, அது அவள் பேச்சில்லை. அன்றைக்கு நீங்கள் சொன்னது.

உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. காலை பத்து மணி தாண்டியிருக்கும். ரொட்டிக் கடைக்காரர் மனைவிக்கு வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது என்று அவசரமாகத் திறந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மரப்பெட்டிக்குள் மோட்டார், வெளியே பம்ப், நடுவே பெல்ட். திடீரென்று பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் மோட்டார் மட்டும் தனியாக உறுமியது. பெரிய டாக்டர் தலையைத் தூக்காமலே, "என்ன ஆச்சு? ரத்தத்தை எடுங்க, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று கத்தினார். துணித் துணியாக வைத்து எடுத்தார்கள். வைக்க வைக்க நனைந்தது. துணியை எண்ணிக்கொண்டே நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

முதலில் ஸ்டோருக்குத்தான் ஓடினேன். கிளார்க் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரம் சார், மெஷின் பெல்ட் வேணும் என்றேன். "இன்டென்ட் எங்கே?" என்றார். டாக்டர் கை வயிற்றுக்குள்ள இருக்கு சார், எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்றேன். "அதுக்கு நான் என்ன பண்றது? எப்படியும் ஸ்டாக் இல்ல. மூணு கடையில விலை கேட்டு, மேல அனுப்பி, புரொக்யூர் பண்ணித்தான் தரணும்" என்றார். அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாவி இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து ஸ்டாக் எண்ணும்போது அதே அலமாரியின் அடித்தட்டில், பிரிக்காத காகிதத்தில் இரண்டு பெல்ட் இருந்ததே, அதை அந்த மலரில் போடுவார்களா?

வெறும் கையோடு திரும்பி வந்தேன். நீங்கள் கதவு வரைக்கும் வந்து, அறுந்த பெல்ட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினீர்கள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "எங்கயாவது போ, எப்படியாவது கொண்டா. ஓடுடி" என்றீர்கள். வேலையில் இருக்கும்போது நான் உங்களை சிஸ்டர் என்றும் நீங்கள் என்னை ஆயா என்றும்தான் கூப்பிடுவோம். அன்றைக்குத்தான் தியேட்டர் வாசலில் முதல் தடவையாக 'டி' போட்டீர்கள். அதனால்தான் ஓடினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சலவைக்கொடிகளுக்கு அடியில் குனிந்து, பின்வாசல் வழியாக, பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடிக்கு ஓடினேன். அது ஏன் எனக்குத் தோன்றியது என்றால், துணி அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்க நான்தான் உட்காருவேன். கையில் இருந்த அறுந்த பெல்ட்டைத் தொட்டதுமே, இது தையல் மெஷின் பெல்ட் மாதிரி உருண்டைத் தோல்தானே என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. மேலே போனால் தையல்காரர் காலால் மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறார். மூச்சு வாங்கி எனக்குப் பேச்சு வரவில்லை. "அண்ணே, பெல்ட்டு, ஆஸ்பத்திரி, ஒரு அம்மா" என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னேன். "என்னம்மா வேணும்? ரவிக்கையா?" என்கிறார் அவர். இனி பேசிப் பிரயோஜனமில்லை என்று சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பெல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றிவிட்டேன். நீளம் அதிகம். மேஜையில் இருந்த கத்திரியை எடுத்து, அறுந்ததை அளவு வைத்து, ஒரே வெட்டு. "ஐயோ, கத்திரி! கத்திரி!" என்று அவர் அலறியது தெருமுனை வரைக்கும் என் பின்னால் வந்தது.

பெல்ட் போனதற்கு அவர் அலறவில்லை, அக்கா. துணி வெட்டுகிற கத்திரியால் தோலை வெட்டிவிட்டேன் என்று அலறினார். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினேன், பெல்ட்டைப் பற்றி ஒரு நாளும் அவர் வாய் திறந்ததில்லை. கத்திரியைப் பற்றிச் சொல்லாத மாதமில்லை. அண்ணே என்று கூப்பிட்டவரையே கட்டிக்கொண்டாயேடி என்று கல்யாணத்தன்று நீங்கள் என் காதில் சொல்லிச் சிரித்தது இன்னும் கேட்கிறது.

திரும்பி வந்து பெல்ட்டைக் கொடுத்தேன். கொக்கி பொருந்தவில்லை. நீங்கள் தரையில் மண்டி போட்டு, இடுக்கியால் கொக்கியை வளைத்து மாட்டினீர்கள். மோட்டார் ஓடியது, பம்ப் இழுத்தது. கண்ணாடி ஜாடிக்குள் ரத்தம் ஏறுவதைப் பார்த்து மனுஷர் யாராவது சந்தோஷப்படுவார்களா? நாம் இரண்டு பேரும் பட்டோம். மெஷின் நின்றதையும் ஓடியதையும் கேஸ் தாளில் நீங்கள்தான் குறித்தீர்கள். பதினொரு நிமிஷம்.

கை வலிக்கிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

*

நாளைக்கு என்றேன், மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று ரொட்டிக் கடைக்காரர் மனைவி வந்திருந்தாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேனா? உயிரோடு என்ன, இடி மாதிரி இருக்கிறாள். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மகனைத் திட்டுவதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு, "நான் சாட்சி சொல்றேன்டி. எல்லாத்தையும் என் கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடுக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். "அடி, நீ வயிறு திறந்து மயக்கத்துல கிடந்தே. எதைப் பாத்தே?" என்றேன். "அதை யாரு கேக்கப் போறா?" என்கிறாள். கேட்பார்கள், அக்கா. இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.

ஏனென்றால் நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துக் கேட்ட மறுநாளே பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது நிர்வாகியாக இருப்பது ஒரு பெண். சின்ன வயசுதான், நல்ல மாதிரி. என்னை உட்கார வைத்து முழுக்கக் கேட்டாள். நம் காலத்தில் அந்த அறையில் ஆயாவுக்கு நாற்காலி ஏது? கேட்டுவிட்டு, "பாட்டி, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா சீட்டுல வேற பேரு இருக்கு. அன்னைக்கு அங்க இருந்தவங்க ஒருத்தர் ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும், மலர்ல மாத்திடறேன். மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்றாள்.

பெரிய டாக்டர் இல்லை. மயக்க டாக்டர் இல்லை. கிளார்க், சூப்பரின்டெண்ட், என் வீட்டுக்காரர், யாரும் இல்லை. மயக்கத்தில் கிடந்தவளைத் தள்ளினால் மிச்சம் நாம் இரண்டு பேர். எனக்கு நானே சாட்சி சொல்ல முடியாது. ஆக, அந்த இரண்டு வரியை எழுத உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள்.

அதோடு முடியவில்லை. அந்த இன்டென்ட் சீட்டையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விழாவில் காட்டப் போகிறார்களாம். எடுத்து வந்து என் முன்னால் மேஜையில் வைத்தாள். மஞ்சளாகி, ஓரம் அரித்த காகிதம். இது யார் கையெழுத்து, தெரியுமா பாட்டி என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அக்கா. எல்லா எழுத்தும் இடது பக்கமாகச் சாயும், காற்றடிக்கிற பக்கம் புல் சாய்வது போல. அப்படி எழுதுகிறவர் அந்த ஆஸ்பத்திரியில் வேறு யார்?

நீங்கள் எழுதினது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆபரேஷன் முடிந்து நான் பின்னால் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. கிளார்க் நீட்டிய சீட்டை நீங்கள் வாங்கி மேஜையில் வைத்தீர்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசிக் கட்டத்துல ஆயா பேரெல்லாம் எழுதாத சிஸ்டர். ஆடிட்ல கேள்வி வரும். ஆயா எப்படி புரொக்யூர் பண்ணுவா? என் பேரைப் போட்டுடு" என்றார். அதுதான் அங்கே வழக்கம். பொருளைத் தலையில் சுமந்து வந்தவள் பெயர் சீட்டில் ஏறாது, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் பெயர்தான் ஏறும். வழக்கம் அப்படி, அக்கா என்ன செய்வார், அவசரத்தில் எழுதிவிட்டார் என்று அன்றைக்கே நான் அதை விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நடந்ததைத்தான் விடவில்லை. தையல்காரர் நேராக சூப்பரின்டெண்டிடம் போய், ஆஸ்பத்திரி ஆயா கடைக்குள் புகுந்து பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று புகார் கொடுத்துவிட்டார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது, பாவம். சூப்பரின்டெண்ட் என்னையும் உங்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "டியூட்டி இடத்தை விட்டு இவளை வெளிய அனுப்பினது நீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். அந்த அறையில் மின்விசிறி ஒரு பக்கம் இடித்து இடித்துச் சுற்றும். அது எத்தனை தடவை இடித்தது என்றுகூடச் சொல்வேன். ஆறு தடவை. ஏழாவதுக்கு முன்னால் நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது சார், நான் கேஸ்ல இருந்தேன்" என்றீர்கள்.

எனக்கு மெமோ வந்தது. சொல்லாமல் இடத்தை விட்டுப் போனது, அனுமதியில்லாமல் பிறர் பொருளை எடுத்தது. என் வேலை நிரந்தரமாவது நான்கு வருஷம் தள்ளிப்போனது. அந்த மாதம் உங்களுக்கு வேலை நிரந்தரமாகிற காகிதம் மேஜையில் இருந்தது. வீட்டில் அப்பா படுக்கையில், தங்கைகள் இரண்டு பேர். எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை. தையல்காரர் விஷயம் புரிந்து மூன்றாம் நாள் வந்து புகாரைத் திருப்பிக் கேட்டபோது, "உன்ன அனுப்பினவங்க யாரு? அவங்க வந்து சொல்லலாம்ல?" என்றார். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் ஓடினேன் என்றேன். பிறகு அவரையே கட்டிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவருக்கும் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடும்வரை, தன் பெண்டாட்டி சொல்லாமல் கொள்ளாமல் ஓடக்கூடியவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். பேத்திக்கும் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து எழுதச் சொல்லாதது அதனால்தான்.

மற்றவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். பெரிய டாக்டர் பெல்ட் எங்கேயிருந்து வந்தது என்று கடைசிவரை கேட்கவேயில்லை. அவர் கண் வயிற்றுக்குள் இருந்தது, சரி. சூப்பரின்டெண்ட் காதில் விழுந்ததை எழுதினார், அதுவும் சரி. கிளார்க் ரிடையர் ஆகிக் கண் மங்கிப்போய் ஒரு நாள் கண் டாக்டரைப் பார்க்க வந்தார். கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டேன். "யாரும்மா?" என்றார். "பெல்ட்டு ஆயா சார்" என்றேன். நாலு படி ஏறினார். அப்புறம், "அந்தக் கட்டம் ரொம்பச் சின்னதும்மா. ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்க்காதவரை மன்னிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் வீட்டுக்காரரை மன்னிக்கக் கல்யாணத்துக்கு அப்புறமும் இரண்டு வருஷம் பிடித்தது. அதில் பாதி கத்திரிப் பேச்சுக்காக.

இப்போது சீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

கடைசிக் கட்டத்தில் கிளார்க்கின் பெயர் இருக்கிறது. அதற்கு முன்னால், ஓரத்தில், ஒரு அடித்தல் இருக்கிறது. நிர்வாகி அதைக் கவனிக்கவில்லை. பேத்திதான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, இங்க உங்க பேரோட முதல் ரெண்டு எழுத்து இருக்கு பாருங்க, யாரோ எழுதி அடிச்சிருக்காங்க" என்றாள். இடது பக்கமாகச் சாய்ந்த இரண்டு எழுத்து. குறுக்கே ஒரே கோடு.

நாற்பத்தோரு வருஷமாக, வழக்கப்படி நீங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. உங்கள் கை முதலில் என்னைத்தான் எழுதியிருக்கிறது. கிளார்க் சொன்ன பிறகு நிறுத்தியிருக்கிறது. சீட்டைப் பார்த்த அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் கோபம் என்று தெரிந்தது. அந்த இரண்டு எழுத்து இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், அக்கா.

அதனால் கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். "அவளை ஓடச் சொன்னது நான். பெல்ட்டைக் கொண்டுவந்தது அவள்" என்று இரண்டு வரி. மெமோவைப் பற்றி எழுத வேண்டாம், சூப்பரின்டெண்ட் அறையைப் பற்றி எழுத வேண்டாம், அது நமக்குள் இருக்கட்டும். மகனை எழுதச் சொல்லாதீர்கள், மருமகளையும் வேண்டாம். நடுங்கினாலும் பரவாயில்லை, உங்கள் கையால் எழுதுங்கள். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறார்கள். அந்தக் கை அடித்ததை அந்தக் கையே திருத்தட்டும். விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதுவீர்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. விழாவில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லிவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பேத்தி தூக்கிக்கொண்டு போவாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் போடச் சொல்லியிருக்கிறேன். யாருக்கு என்று கேட்டாள், வருகிறவருக்கு என்றேன். உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், முடியாதென்றால் வற்புறுத்த வேண்டாம். டீயைப் பாதிப் பாதியாகவாவது ஒழுங்காகக் குடியுங்கள். மழைக்காலத்தில் தலையைத் துவட்டாமல் உட்காருகிற பழக்கத்தை இப்போதாவது விடுங்கள். நூறு வயசு வரைக்கும் இருங்கள், எனக்குச் சண்டை போட ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெல்ட்டு ஆயா

உறையை ஒட்டிய பிறகு மறுபடியும் பிரித்து இதை எழுதுகிறேன். அன்றைக்கு இருந்த எட்டுப் பேரில் எல்லோர் கணக்கும் தீர்ந்துவிட்டது, ஒருத்தருடையதைத் தவிர. வேறு யாராவது செய்திருந்தால் அந்த வருஷமே மறந்திருப்பேன். இரண்டு எழுத்தில் நிறுத்தின என் பெயரை முழுசாக எழுதி அனுப்புங்கள். அதுவரைக்கும் நான் மன்னிக்காத ஒரே ஆள், நீங்கள்தான் அக்கா.